போர்டு தேறிவிட்டார், போஸ்டிங் வரவில்லை: பெயருக்கு முன்னால் என்ன போடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். உங்கள் அக்கா மகன் தரைப்படையில் லெப்டினன்ட் கர்னல். கர்னல் பதவிக்கான போர்டில், அதாவது தேர்வுக் குழுவில், தேறிவிட்டதாகப் போன மாதம் தகவல் வந்திருக்கிறது, போஸ்டிங் இன்னும் வரவில்லை. தை மாதம் அவருடைய தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் அண்ணன் பெயருக்கு முன்னால் 'கர்னல்' என்று போட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அச்சகத்துக்காரர் தன் பங்குக்கு 'கர்னல் (செலக்ட்)' என்று ப்ரூஃப் அடித்துக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் உறவினரோ, அங்கே ரேங்குக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பி' என்று ஒரு எழுத்து சேர்ப்பார்கள், அதையே போடுங்கள் என்கிறார். பையனைக் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். மூன்றில் எது சரி என்கிறீர்கள்.

மூன்றும் வேண்டாம், 'லெப்டினன்ட் கர்னல்' என்றே போடுங்கள். அவசரமாக ப்ரூஃப் திருத்த வேண்டியவருக்கு இவ்வளவு போதும். ஆனால் நீங்கள் கேட்டதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: தேர்வானவருக்கு ரேங்க் எந்த நாளில் வந்து சேருகிறது, அதுவரை அவர் யார்? இதற்கு இந்தியாவில் ஒரு பதில், அமெரிக்காவில் வேறு பதில். நான் தரைப்படையில் கிளார்க்காகச் சேர்ந்து ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவன். அதிகாரிகளின் போஸ்டிங் ஆர்டரைப் பிரித்துப் படிப்பது, பெயர்ப்பலகைக்கு எழுத்து கொடுப்பது, அழைப்பிதழில் யார் பெயர் எங்கே வர வேண்டும் என்று பார்ப்பது எல்லாம் எங்கள் மேஜை வேலை. ஆகவே தரைப்படை பற்றித் துணிந்து சொல்வேன். கப்பற்படை, விமானப்படை வீட்டு வழக்கங்களை அங்கே இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் தரைப்படையில் லெப்டினன்ட் கர்னல் வரை ரேங்க் ஏறக்குறைய காலக்கணக்கில் வந்துவிடும். 2004 டிசம்பரில் அமலுக்கு வந்த அஜய் விக்ரம் சிங் கமிட்டி சிபாரிசுப்படி 2 வருடத்தில் கேப்டன், 6 வருடத்தில் மேஜர், 13 வருடத்தில் லெப்டினன்ட் கர்னல். அதற்கு மேல் கூம்பு குறுகுகிறது. கர்னலுக்கு 3-ம் எண் செலக்‌ஷன் போர்டு, பிரிகேடியருக்கு 2-ம் எண் போர்டு, மேஜர் ஜெனரலுக்கு 1-ம் எண் போர்டு. ஒவ்வொரு பேட்சாக எடுத்து, மேலதிகாரிகள் எழுதும் அந்தரங்கக் குறிப்புகளை வைத்துப் பார்ப்பார்கள். முதல் தடவை தேறாதவர்களுக்கு இன்னும் இரண்டு ரிவ்யூ உண்டு. போர்டு முடிந்து, மேலே ஒப்புதல் கிடைத்து, பிறகுதான் முடிவை வெளியிடுவார்கள். அன்றைக்கு உங்கள் அக்கா மகனுக்குக் கிடைத்தது 'அப்ரூவ்டு' என்ற நிலை. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது என்று பொருள். தோளில் எதுவும் ஏறவில்லை.

இதற்குப் பிறகு காலியிடம் வர வேண்டும். ராணுவச் செயலாளர் கிளையிலிருந்து, எம்.எஸ். பிராஞ்ச் என்போம், போஸ்டிங் ஆர்டர் வர வேண்டும். அதற்கிடையில் ஒழுங்கு நடவடிக்கையோ விஜிலன்ஸ் விசாரணையோ பெயரில் நிலுவை இருந்தால் 'டி.வி. பேன்' விழும், பதவி உயர்வு நின்றுபோகும். உடல் தகுதியைக் குறிக்கும் மெடிக்கல் கேட்டகரி இறங்கினாலும் சிக்கல் வரலாம். எல்லாம் சரியாக இருந்தால் அவர் புதிய இடத்துக்குப் போவார், பழையவரிடமிருந்து பொறுப்பை வாங்குவார், அன்றைக்குக் கர்னல் ஆவார். ரேங்க் நாற்காலியைத் தொடர்ந்து வருகிறது என்பதுதான் நம் ஊர் முறையின் சாரம். நாற்காலியில் உட்காராதவரை ரேங்க் இல்லை.

சம்பளமும் அப்படியே. 7-வது ஊதியக் குழுப்படி லெப்டினன்ட் கர்னலுக்கு 12-ஏ நிலை, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 1,21,200 ரூபாய். கர்னலுக்கு 13-ம் நிலை, 1,30,600 ரூபாய். போர்டு முடிவு வந்த தேதியிலிருந்து அந்த வித்தியாசம் ஓட ஆரம்பிக்காது. அவர் பொறுப்பேற்ற பிறகு, ரேங்க் ஏற்ற விவரத்தை யூனிட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற தினக்கட்டளையாக வெளியிடுவோம். அது புனேவில் உள்ள அதிகாரிகளின் கணக்கு அலுவலகத்துக்குப் போகும், அதில் உள்ள தேதியிலிருந்துதான் சம்பளம் மாறும். அந்தக் காகிதத்தை எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். பெயர், பர்சனல் நம்பர், பழைய ரேங்க், புதிய ரேங்க், தேதி என்று இரண்டு மூன்று வரிதான் இருக்கும். தேதியில் ஒரு நாள் தவறினாலும் 'அப்சர்வேஷன்' என்று ஆட்சேபக் குறிப்பு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டதாலேயே பதவிக்கு மறுக்க முடியாத உரிமை பிறந்துவிடாது என்று 1991-ல் சங்கர்சன் தாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அது சிவில் சர்வீஸ் தேர்வு பற்றிய வழக்கு, ராணுவம் பற்றியது அல்ல. ஆனாலும் காரணம் காட்டாமல் தன் இஷ்டத்துக்குப் பட்டியலைத் தூக்கி எறிய அரசுக்கும் உரிமை இல்லை என்று அதே தீர்ப்பு சேர்த்துச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் 'அப்ரூவ்டு' அதிகாரியின் நிலை விளங்கும். அவர் வெறுங்கையோடு நிற்கவில்லை, ஆனால் கர்னலும் ஆகவில்லை. நிச்சயம் முடிந்த பெண்ணை எல்லோரும் மருமகள் என்று வாய் நிறையக் கூப்பிடலாம், ரேஷன் கார்டில் ஏற்ற முடியாது அல்லவா, அதுபோலத்தான்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு உதாரணம். 2023 ஜனவரியில் பெண் அதிகாரிகளுக்கென்று தனியாக ஒரு கர்னல் போர்டு உட்கார்ந்தது. நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை பணியில் நீடிக்கும் நியமனம், பற்றி 2020 பிப்ரவரியிலும் 2021 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகளின் தொடர்ச்சி அது. 244 பேரைப் பரிசீலித்து 108 பேரை அங்கீகரித்தார்கள். அந்த 108 பேரும் அன்று காலையே கர்னல் ஆகிவிடவில்லை. அவரவர் போஸ்டிங் வந்து, அவரவர் இடத்தில் பொறுப்பேற்றபோதுதான் ஆனார்கள். கிழக்கு லடாக்கில் ராணுவ வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் ஒரு தனி ஃபீல்டு வொர்க்‌ஷாப்புக்குக் கமாண்டிங் ஆபீசராகப் பொறுப்பேற்ற கர்னல் கீதா ராணாவின் பெயர் அந்த மார்ச்சில் பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கலாம். பட்டியல் ஒரே நாளில் வந்தது, ரேங்க் ஆளுக்கொரு நாளில் வந்தது.

அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் ஒரு அடைமொழியும் கிடையாதா என்றால், உண்டு. ஆனால் அது ரேங்கோடு ஒட்டுவதில்லை, நாற்காலியோடு ஒட்டுகிறது. ஒரு பட்டாலியனுக்குக் கமாண்டிங் ஆபீசராகப் போக ஆர்டர் வாங்கியவரை 'சி.ஓ. டெசிக்னேட்' என்பார்கள், பொறுப்பேற்கவிருக்கும் சி.ஓ. என்று பொருள். அவர் முன்கூட்டியே வந்து சில நாள் தங்கி, ஆயுதக் கிடங்கிலிருந்து ரெஜிமெண்டல் நிதிக் கணக்கு வரை பார்த்து வாங்குவார். மெஸ்ஸில் அவருக்கு மரியாதை ஒரு படி கூடியே இருக்கும். ஆனால் அந்த நாட்களில் அவர் கையெழுத்துக்குக் கீழே நாங்கள் அடிப்பது 'லெப்டினன்ட் கர்னல்' மட்டும்தான். சி.ஓ. அறையில் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கும். யூனிட் எழுந்த நாளிலிருந்து யார் யார் கமாண்ட் செய்தார்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று தங்க நிற எழுத்தில் வரிசையாக இருக்கும். பொறுப்பு ஒப்படைத்ததற்கும் ஏற்றதற்கும் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெயின்டர் பிரஷ்ஷை எடுப்பார். முன்னதாகப் பென்சிலில் கோடு போட்டு வைத்திருப்பார், அது வேறு விஷயம்.

இதே முறை உச்சி வரை போகிறது. அடுத்த தரைப்படைத் தளபதியாக லெப்டினன்ட் ஜெனரல் உபேந்திர துவிவேதியை அரசு 2024 ஜூன் 11-ல் அறிவித்தது. அவர் பொறுப்பேற்றது ஜூன் 30. இடைப்பட்ட நாட்களில் செய்தித்தாள்கள் 'ஆர்மி சீஃப் டெசிக்னேட்' என்று எழுதின, பெயருக்கு முன்னால் 'லெப்டினன்ட் ஜெனரல்' என்றே போட்டன. ஜூன் 30-க்குப் பிறகுதான் 'ஜெனரல்' துவிவேதி. அதே வருடம் கப்பற்படைத் தளபதியாக வைஸ் அட்மிரல் தினேஷ் திரிபாதியை ஏப்ரல் 18-ல் அறிவித்து, அவர் ஏப்ரல் 30-ல் பொறுப்பேற்றபோதும் இப்படித்தான். (இருவரும் ரீவா சைனிக் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள்.) நாட்டின் மூன்று படைத்தலைவர்களில் ஒருவர் ஆகப்போகிறவருக்கே பன்னிரண்டு, பத்தொன்பது நாள் பொறுமை உண்டு என்று அக்காவிடம் சொல்லிப் பாருங்கள்.

இப்போது உங்கள் அமெரிக்க உறவினர் சொன்னதற்கு வருகிறேன். அவர் இல்லாததைச் சொல்லவில்லை. அமெரிக்கத் தரைப்படையில் அடுத்த ரேங்குக்குத் தேர்வாகி, இன்னும் ரேங்க் ஏறாதவருக்கு எழுத்தில் ரேங்கின் சுருக்கத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பி' சேர்க்கிறார்கள். 'ப்ரமோட்டபிள்', பதவி உயர்வுக்கு உரியவர் என்று பொருள். கடிதத்தின் கையெழுத்துப் பகுதியில், மின்னஞ்சலின் அடியில், கூட்டத்துக்கு வருபவர்கள் பட்டியலில் எல்லாம் இதைப் பார்க்கலாம். அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, சார்ஜென்ட் மாதிரியான பதவிகளுக்கும் உண்டு. கப்பற்படை, விமானப்படை, மரைன் படைகளில் 'செலக்ட்' என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். உங்கள் அச்சகத்துக்காரர் அதை எங்கேயோ இணையத்தில் பார்த்திருக்க வேண்டும். இந்த அடையாளம் காகிதத்தோடு சரி. நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அங்கே ஏன் இப்படி ஒரு அடையாளம் தேவைப்பட்டது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. அவர்கள் முறையில் போர்டு தேர்வு செய்த பிறகு பட்டியல் ஜனாதிபதிக்குப் போகிறது. மேஜரும் அதற்கு மேலும் என்றால் செனட் ஒப்புதல் வேண்டும். அதுவும் வந்த பிறகு, சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் இடம் விழ விழ, பட்டியலின் வரிசை எண்படி மாதாமாதம் சிலர் சிலராக ரேங்க் போடுவார்கள். பட்டியலின் அடியில் இருப்பவர் ஒரு வருடம் கூடக் காத்திருக்க நேரும். பெரும்பாலும் அவர் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்பது அல்ல, வரிசையில் எத்தனையாவது என்பதே கணக்கு. இப்படி ஒரு பெருங்கூட்டம் நீண்ட காலம் நடுவில் நிற்கும்போது, இவர் வரிசையில் இருப்பவர் என்று மற்றவர்களுக்குத் தெரிவிக்க ஒரு அடையாளம் வேண்டியிருக்கிறது. கர்னல் இடத்துக்கு ஆள் தேடுகிறவருக்கு, எந்த லெப்டினன்ட் கர்னலை அங்கே உட்கார வைக்கலாம் என்பது அந்த ஒற்றை எழுத்தில் தெரிந்துவிடும். நம் ஊரில் நாற்காலியும் ரேங்கும் சேர்ந்தே வருவதால், நாற்காலியைச் சொன்னால் போதும் என்று 'டெசிக்னேட்' ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

செனட் என்ற படி எவ்வளவு கனமானது என்று 2023-ல் உலகமே பார்த்தது. ராணுவத்தினரின் கருக்கலைப்புப் பயணச் செலவு பற்றிய கொள்கையை எதிர்த்து, அலபாமா செனட்டர் டாமி டியூபர்வில் உயர் அதிகாரிகளின் பதவி உயர்வுகளை மொத்தமாக நிறைவேற்றும் வழக்கத்துக்கு மாதக்கணக்கில் தடை போட்டார். 400-க்கும் மேற்பட்டவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மரைன் படைத்தலைவர் ஜூலையில் ஓய்வு பெற்றார். அடுத்தவராக நியமிக்கப்பட்ட ஜெனரல் எரிக் ஸ்மித்துக்கு ஒப்புதல் வரவில்லை. அவர் துணைத்தலைவராகவே இருந்துகொண்டு தலைவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். செப்டம்பரில் ஒப்புதல் வந்த பிறகுதான் பட்டம் முழுதாக அவருடையது ஆனது. டிசம்பர் 5-ல் தடை பெருமளவு விலகி, 400-க்கு மேற்பட்டவர்கள் ஒரே குரல் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்றார்கள். அதற்கு முந்தின நாள்வரை அவர்களில் எவருக்கும் புதிய ரேங்கைப் போடும் உரிமை இல்லை, எத்தனை மாதம் அந்த வேலையைச் செய்திருந்தாலும் சரி.

அமெரிக்காவில் இந்த விதிக்கு ஒரு வாசல் உண்டு. ஒப்புதல் எல்லாம் கிடைத்து, அந்த உயர்ந்த ரேங்குக்குரிய இடத்துக்குப் போக ஆர்டரும் இருந்து, வரிசை எண் மட்டும் வரவில்லை என்றால், புதிய ரேங்கின் சின்னத்தை முன்கூட்டியே அணிய அனுமதிக்கலாம். 'ஃப்ராக்கிங்' என்று பெயர். கூட்டாட்சிச் சட்டத்தின் 10-ம் தொகுதி, 777-ம் பிரிவில் இருக்கிறது. அப்படி அணிந்தவரைப் புதிய ரேங்கைச் சொல்லியே கூப்பிடுவார்கள். பெயர்ப்பலகை, அழைப்பிதழ் எல்லாவற்றிலும் அதுவே. ஆனால் சம்பளம் பழையது, சீனியாரிட்டி ஓடாது, அந்த ரேங்கோடு வரும் சட்ட அதிகாரமும் வராது. உங்கள் பையன் அமெரிக்கப் படையில் இருந்து, இந்த அனுமதியும் வாங்கியிருந்தால், அக்கா 'கர்னல்' என்று தாராளமாக அச்சடித்திருக்கலாம். நம் தரைப்படையில் எங்கள் மேஜைக்கு அப்படி ஓர் அனுமதிக் காகிதம் வந்ததே இல்லை.

ரேங்க் ஒன்று, பட்டம் ஒன்று என்று இரண்டும் பிரிந்தால் என்ன குழப்பம் வரும் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போர்தான் பாடம். அப்போது 'பிரவெட்' என்ற முறை இருந்தது. வீரச்செயலுக்காக உயர்ந்த ரேங்கைப் பட்டமாகக் கொடுப்பார்கள், பெரும்பாலும் சம்பளமோ அதிகாரமோ கிடையாது. போர் முடிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரவெட் ஜெனரல்கள் இருந்தார்கள். 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் செத்துப்போன குதிரைப்படை அதிகாரி கஸ்டரை எல்லோரும் 'ஜெனரல் கஸ்டர்' என்றே சொல்கிறார்கள், ஆனால் அன்றைக்கு அவருடைய உண்மையான ரேங்க் 7-வது குதிரைப்படையின் லெப்டினன்ட் கர்னல்தான். ஒரே மேஜையில் நாலு 'ஜெனரல்கள்' உட்கார்ந்து, அதில் ஒருவர் கேப்டன் சம்பளம் வாங்கினால் ஆர்டர் போடுகிறவன் என்ன செய்வான்? 1870-ல் அமெரிக்கக் காங்கிரஸே தலையிட்டு, பணியில் இருக்கும்போது பிரவெட் ரேங்கின் உடுப்பை அணியக்கூடாது, உத்தரவுகளிலும் அலுவல் கடிதங்களிலும் அந்தப் பட்டத்தால் அழைக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. எந்தக் கிளார்க் அழுது கேட்டாரோ தெரியாது, நான் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

தலைகீழ் உதாரணமும் உண்டு. 1943 பிப்ரவரியில், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஐசனோவர் நான்கு நட்சத்திர ஜெனரல், நேச நாட்டுப் படைகளை நடத்துகிறார். ஆனால் அது போர்க்காலத்துக்கான தற்காலிக ரேங்க். அவருடைய நிரந்தர ரேங்க் அப்போதும் லெப்டினன்ட் கர்னல்தான். அந்த ஆகஸ்டில்தான் நிரந்தரப் பட்டியலில் மேலே ஏற்றினார்கள். அவரை யாரும் 'லெப்டினன்ட் கர்னல்' என்று கூப்பிடவில்லை, கூப்பிட்டால் தவறு. அணிந்திருக்கும் ரேங்கைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், நிரந்தரமா தற்காலிகமா என்பது கணக்கு அலுவலகத்தின் கவலை. நம் படையிலும் 'ஆக்டிங்' (தற்காலிகம்), 'சப்ஸ்டாண்டிவ்' (நிரந்தரம்) என்ற பிரிவு உண்டு. பெயருக்கு முன்னால் அதை எழுதிக்கொண்டு யாரும் அலைவதில்லை.

இனி, உங்கள் அக்காவுக்கு ஆறுதலான செய்தி. பேச்சில் அவர் மகன் ஏற்கனவே 'கர்னல்'தான். லெப்டினன்ட் கர்னலை நேரில் அழைக்கும்போது 'கர்னல்' என்று சொல்வதே பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் மரபு, அமெரிக்காவிலும் அப்படித்தான். லெப்டினன்ட் ஜெனரல், மேஜர் ஜெனரல் இருவரையும் 'ஜெனரல்' என்பது போல. ஆகவே மண்டபத்தில் மைக்கில் 'கர்னல் அவர்கள் மேடைக்கு வரவும்' என்று அழைத்தால் குற்றம் சொல்ல யாராலும் முடியாது. எழுத்தில்தான் முழு ரேங்கும் வேண்டும்.

எழுத்தில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். கல்யாணப் பத்திரிகையில் 'கர்னல்' என்று போடுவது ஒரு குற்றமும் இல்லை, போலீஸ் வராது. ஆனால் அந்தப் பத்திரிகை பையனின் யூனிட்டுக்கும் பேட்ச்மேட்டுகளுக்கும் போகும். அவர்களுக்கு ரேங்க் என்பது சின்னத்தோடு சேர்ந்த விஷயம். லெப்டினன்ட் கர்னல் தோளில் சிங்க முத்திரையும் ஒரு நட்சத்திரமும். கர்னல் தோளில் சிங்கமும் இரண்டு நட்சத்திரமும், அதோடு காலரில் சிவப்புப் பட்டை முதன்முதலாக ஏறுவது அந்த ரேங்கில்தான். பத்திரிகையில் கர்னல், மண்டபத்தில் யூனிஃபார்மில் வந்து நின்றால் காலர் வெறுமையாக இருந்தால், பார்க்கிற ஒவ்வொரு பட்டாளத்து ஆளும் அதைக் கவனிப்பார். அதே போர்டில் தேறாத பேட்ச்மேட்டும் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கலாம். பையன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவது இதனால்தான் என்பது என் ஊகம். டெல்லி கன்டோன்மென்ட் கோபிநாத் பஜாரில் புதுச் சின்னத்தை வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கவும்கூடும், அதை வெளியே காட்ட மாட்டார். காத்திருக்கும் காலத்தில் அடக்கமாக இருப்பது பட்டாளத்தில் எழுதாத விதி. சின்னத்தைக் குத்தும் அன்றைக்கு மேலதிகாரி ஒரு தோளிலும் மனைவியோ அம்மாவோ மறு தோளிலும் குத்துவார்கள். அக்காவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று பையனிடம் இப்போதே சொல்லி வையுங்கள், பத்திரிகை எழுத்தைவிட அது பெரிது.

இதில் உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று, அவருக்கு எப்போது இடம் வரும் என்பது. உங்களிடம் 'ஆறு மாதத்தில்' என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆர்ம் (காலாட்படை, பீரங்கிப்படை மாதிரியான பிரிவு), அவருடைய பேட்ச், யார் எப்போது இடம் காலி செய்கிறார் என்பதையெல்லாம் பொறுத்தது. கல்யாணத்துக்கு முன்பே ஆர்டர் வந்தாலும், பொறுப்பேற்கும் தேதி முகூர்த்தத்துக்கு முன்னால் வந்தால்தான் 'கர்னல்'. ஆர்டர் கையில், தேதி கல்யாணத்துக்குப் பிறகு என்றால் அப்போதும் லெப்டினன்ட் கர்னலே. பொறுப்பே ஏற்றுவிட்டார் என்றால், அச்சடித்த பத்திரிகையை அப்படியே விட்டுவிட்டு, வாட்ஸ்அப் அழைப்பிலும் மண்டப வாசல் பேனரிலும் மாற்றிக்கொள்ளலாம். பழைய ரேங்க் பத்திரிகையில் இருப்பது யாருக்கும் குறையாகத் தெரியாது, அச்சான தேதியில் அதுதான் உண்மை.

இன்னொரு இடத்தில் மக்கள் அடிக்கடி குழம்புவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். செலக்‌ஷனில் வராமல், 26 வருட சேவையில் காலக்கணக்கில் கர்னல் ஆகிறவர்கள் உண்டு. டைம் ஸ்கேல் கர்னல் என்பார்கள், அலுவலகக் காகிதத்தில் ரேங்குக்குப் பக்கத்தில் 'டி.எஸ்.' என்று வரும். அவர்கள் பெரும்பாலும் லெப்டினன்ட் கர்னலுக்குரிய வேலையையே பார்ப்பார்கள், ஆனால் தோளில் கர்னல் சின்னம் இருக்கிறது, ஆகவே பத்திரிகையில் வெறும் 'கர்னல்' போதும். உங்கள் பையன் விஷயம் இதற்கு நேர் எதிர்: பெரிய நாற்காலி உறுதியாகத் தெரிகிறது, சின்னம் இன்னும் வரவில்லை. ஓய்வு பெற்றவர்கள் உங்கள் உறவில் இருந்தால், ரேங்க் முதலில், பெயர் அடுத்து, 'ஓய்வு' கடைசியில் அடைப்புக்குறிக்குள். 'கர்னல் (ஓய்வு) இன்னார்' என்று போடுவதைப் பழைய ஆட்கள் விரும்புவதில்லை, ஓய்வு பெற்றது ஆள், ரேங்க் அல்ல என்பார்கள்.

ஆகவே ப்ரூஃபில் அச்சகத்துக்காரர் போட்ட அடைப்புக்குறியை அடித்துவிட்டு, 'லெப்டினன்ட் கர்னல்' என்று சுருக்காமல் எழுதி, பெயர் போட்டு, கீழே சின்ன எழுத்தில் 'இந்திய ராணுவம்' என்று கொடுங்கள். யூனிட் பெயரையோ இடத்தையோ பத்திரிகையில் போடாதீர்கள், இந்தப் பத்திரிகைகள் வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போகின்றன. அதைவிட முக்கியமாக, தை மாதத்துக்கு லீவு சாங்ஷன் ஆகிவிட்டதா என்று பையனிடம் கேளுங்கள். சி.ஓ. ஆகப் போகிறவரை முகூர்த்த வாரத்திலேயே பொறுப்பேற்கச் சொல்லி ஆர்டர் வந்தால், சில நாள் தள்ளிப்போட எழுதிக் கேட்க வேண்டும், அதைக் கடைசி நேரத்தில் செய்ய முடியாது.